மழைக்கு முன்னால் நின்ற அக்கா

அந்த அக்கா உட்கார்ந்து நான் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அது ஒரு கோயில் வாசற்படியில், கொட்டுகிற மழையில். மற்ற நேரமெல்லாம் அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயரே ‘நிக்கிற அக்கா’.

நான் அப்போது நுவரெலியாப் பக்கம் ஓர் அரசாங்க அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தேன். சிங்களத்தில் வருவதைத் தமிழிலும், தமிழில் வருவதைச் சிங்களத்திலும் மாற்றிக் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து செய்கிற வேலை. உட்காருவது எனக்குப் பிடித்த காரியம் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வாப்பா கந்தப்பளை டவுனில் புடவைக்கடை வைத்திருந்தவர். காலையில் கடை மெத்தையில் உட்கார்ந்தால் மத்தியான லுஹர் தொழுகைக்குத்தான் எழும்புவார். அந்த ரத்தம் எனக்கும். அப்படிப்பட்டவனின் மேசைக்கு முன்னால் ஒருவர் வந்து நின்றுகொண்டே இருந்தால் எப்படி இருக்கும்?

“இருங்க அக்கா,” என்று கதிரையைக் காட்டுவேன்.

“இருக்கட்டும் நானா. நான் நிக்கிறேன். நீங்க எழுதுங்க.”

எங்கள் பக்கத்தில் முஸ்லிம் ஆட்களை அண்ணன் முறையில் ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார்கள். நின்றாலும் சும்மா நிற்பதில்லை. ஜன்னலுக்குப் போவார். வெளியே எட்டிப் பார்ப்பார். “இந்தக் கானுல இலை அடைச்சிருக்கே, யாரும் பாக்கிறதில்லையா?” என்பார். தோட்டத்துப் பேச்சில் கான் என்றால் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால். அவருக்கு உலகமே கான்களால் ஆனது. ஒருநாள் எங்கள் பியோன் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வெளியே போய், குடைக் கம்பால் அந்த இலைகளைத் தள்ளிவிட்டு, கையை உதறிக்கொண்டு திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

கந்தப்பளைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் அவர் கங்காணி. கொழுந்து எடுக்கும் பெண்களை மலையில் நிரை பிடித்து நிறுத்தி வேலை வாங்குகிறவர். பெண்கள் கங்காணியாக வரத் தொடங்கியபோது அந்தத் தோட்டத்தில் முதலில் வந்தவர் அவர்தான். புருஷன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை. பெருநாளுக்குப் பெருநாள் வருவார். வந்தாலும் பாவம், அந்த மனிதர் வீட்டில் படுத்துத் தூங்க முடியாது, அக்கா கூரைத் தகரத்தை ஆணி அடித்து இறுக்கச் சொல்வார் என்று தோட்டத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

எல்லாவற்றையும் வருவதற்கு முன்னால் செய்துவிட வேண்டும். அதுதான் அவருடைய நோய், அதுதான் அவருடைய அழகும். “முன்னாடியே” என்ற சொல் அவர் வாயில் பாக்குப் போலக் கிடக்கும். பஸ் வருவதற்கு முன்னாடியே சில்லறை கையில் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வருவதற்கு முன்னாடியே கொத்தமல்லி கொதிக்கும். ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும் புரியாணியைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் மண்டபத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “அந்த மண்மேடு ஊறிப் போய்க் கெடக்கு, ஆளுங்கள அந்தப் பக்கம் உக்கார வைக்காதீங்க,” என்று சொல்லியிருக்கிறார். பெண்ணைப் பெற்றவள், “நல்ல நாளும் அதுவுமா, வாயக் கழுவுடி,” என்று கத்தினாள். அந்த மேடு அன்றைக்கும் விழவில்லை, அதற்குப் பிறகும் விழவில்லை. ஆனால் அன்று அந்தப் பக்கம் இருந்த ஆட்கள் பாதிச் சாப்பாட்டில் இலையைத் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார்கள்.

அவருடன் பழகுவதில் இருந்த கஷ்டம் இதுதான். அவர் போன பிறகும் அவர் சொன்னது போகாது.

எங்கள் வீட்டிலும் இது நடந்தது. தங்கள் தோட்டத்து மாதா கோயில் திருநாளுக்குச் சொல்ல வந்தவர், என் மனைவி கொடுத்த பால் போடாத பிளேன்டியை நின்றபடியே குடித்துவிட்டு, கேட்காமலே பின்னறைக்குப் போனார். ஜன்னலைத் திறந்து மேட்டைப் பார்த்தார். எங்கள் வீட்டுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் செம்மண் மேடு.

“ஒன்னு சொல்லட்டுமா தங்கச்சி? கட்டில முன்னறைக்குக் கொண்டு போயிருங்க. மழ காலத்துல இங்க படுக்காதீங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிற மேடு அது. என் வீட்டில் என் கட்டில் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்ல இவர் யார்? அவர் போனதும் மனைவியிடம் சத்தம் போட்டேன். அவள் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். மறுபக்கத்தை நான்தான் பிடித்தேன். அன்றிலிருந்து முன்னறையில், வருகிறவர் போகிறவர் எல்லாம் பார்க்க, எங்கள் கட்டில் கிடந்தது.

சரி, அவர் எங்கள் அலுவலகத்துக்கு ஏன் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அவர் தோட்டத்தில் ஒரு மாதா கோயில் இருந்தது. தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் கட்டியது என்பார்கள். கருங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, குனிந்து நுழைகிற வாசல். வாசலுக்கு மேலே தமிழ் எழுத்து வெட்டிய ஒரு கல். கோயிலுக்குப் பின்னால் மலை நேராக எழும்பி நிற்கும். கோயிலுக்குக் கீழே லயங்கள், தொழிலாளர்களின் வரிசை வீடுகள். மழை பலத்தால் லயத்து ஆட்கள் பிள்ளை குட்டிகளோடு அந்தக் கோயிலில்தான் வந்து படுப்பார்கள். இந்து, கிறிஸ்தவம் என்றெல்லாம் அதில் கிடையாது. கல் கட்டடம் என்ற நம்பிக்கை. எங்கள் அலுவலகமே அந்தக் கோயிலைத்தான் அனர்த்த காலத் தங்குமிடமாகக் குறித்து வைத்திருந்தது.

மலையில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. மண்சரிவு பார்க்கிற உத்தியோகத்தர் ஒருவர் வந்து முளை அடித்து அளந்தார். ஆட்களைக் கூட்டி வைத்து, எந்தெந்த அடையாளம் கண்டால் ஓட வேண்டும் என்று விளக்கினார். மேலேயிருந்து வரும் தண்ணீரைக் கான் வெட்டித் திருப்பி, மண்ணுக்கு ஒரு தாங்கு சுவர் கட்டினால் தப்பலாம் என்று எழுதியும் கொடுத்தார். யார் கட்டுவது? கோயில் தங்களுடையது இல்லை என்றது தோட்டம். நிலம் தங்களுடையது இல்லை என்றது கோயில் சபை. இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

அந்தச் சமயத்தில்தான் மரபுரிமை இடங்களை இயற்கை அனர்த்தத்திலிருந்து காப்பாற்ற ஓர் அரசாங்க உதவித் திட்டம் வந்தது. அதன் சுற்றறிக்கையைத் தமிழாக்கியவன் நான்தான். அதில் இரண்டு பங்கு. ஒன்று, அனர்த்தம் வருவதற்கு முன்னால் செய்கிற வேலைகளுக்கு. மற்றது, வந்த பிறகு திருத்துவதற்கு. முன்னால் பங்கைக் கேட்டு எங்கள் அலுவலகத்துக்கு யாரும் வந்ததில்லை. கேட்பதற்கு ஆளே இல்லாத ஒரு பந்திக்கு நான் நல்ல தமிழ் தேடி மண்டையை உடைத்துக்கொண்டேன் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தப் பங்கைக் கேட்டு வந்த முதல் ஆள் இந்த அக்கா.

“இடிஞ்ச பொறகு குடுக்கிறதுக்கு எல்லாரும் வருவாங்க நானா. இடியிறதுக்கு முன்னாடி குடுக்க ஒரு மனுசன் வந்திருக்கான்னா, அவனக் கும்பிடணும். யாரு அவரு?”

“அது ஒரு ஆள் இல்லக்கா. அரசாங்கம்.”

“சரி, அவங்கள எப்ப வரச் சொல்லுவீங்க?”

வரச் சொல்வதற்குள் அவர் எத்தனை தரம் வந்து நின்றார் என்று எனக்குக் கணக்கில்லை. பிரதேச செயலாளர் மேடம் அவரைக் கண்டாலே பின்கதவால் போகத் தொடங்கினார். அக்கா பின்கதவிலும் நின்றார். கடைசியில், கொழும்பிலிருந்து பழைய கட்டடங்களைப் பார்க்கிற அதிகாரி வருவதென்று ஒரு நாள் குறித்தார்கள். வந்து பார்த்து, இது பழைய இடம்தான் என்று எழுதிவிட்டால் போதும். வருஷக் கடைசி மழைக்கு முன்னால் வேலையைத் தொடங்கலாம்.

அக்கா அன்றுதான் என் மேசையில் கை வைத்துச் சாய்ந்தார். உட்காரப் போகிறாரோ என்று நினைத்தேன். இல்லை. “மழைக்கு முன்னாடியே முடிஞ்சிரும்ல நானா?” என்று கேட்டுவிட்டு வேகமாகப் போய்விட்டார்.

அடுத்து நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரிவதில்லை.

தோட்டத்தில் வெளியாள் வருகிறார் என்றால் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். பெரிய துரை வந்தாலும் சரி, மந்திரி வந்தாலும் சரி, ஃபாதர் வந்தாலும் சரி. பாதை ஓரத்துக் கல்லுக்குக்கூட வெள்ளை பூசுவார்கள். அது காலகாலமாக வருகிற மரியாதை. காசு கொடுக்க வருகிற அதிகாரிக்கு வெறும் சுண்ணாம்பு போதுமா? அதுவும் வேலையைத் தலைமேல் போட்டுக்கொண்டவர் யார்? எதையும் முன்னாடியே முடிக்கிற அக்கா.

நானும் அந்தக் கொழும்பு அதிகாரியும் ஜீப்பில் போய் இறங்கினோம். அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி, கண்ணாடி போட்டவர், அதிகம் பேசாதவர். ஆட்கள் மாலையோடு நின்றார்கள். கோயில் ஆகாய நீலத்தில் பளபளத்தது. கருங்கல் தெரியாமல் இனாமல் பெயின்ட் இரண்டு கை பூசியிருந்தார்கள். முன்சுவர் முழுக்க டைல்ஸ். உள்ளே தரையும் டைல்ஸ். டவுன் ஹார்ட்வெயார் கடைக்காரர் குளியலறைக்கு வாங்கி மிஞ்சியதைக் கோயிலுக்கென்று சும்மா கொடுத்திருந்தார். பீடத்துக்கு முன்னால் சின்னச் சின்ன டொல்பின்கள் துள்ளின.

அதிகாரி சுற்றிப் பார்த்தார். மலையைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் மெதுவாகக் கேட்டார்: “பழைய கோயில் எங்கே?”

நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அக்காவுக்கு அந்தளவு சிங்களம் தெரியும்.

“இதுதாங்க நோனா,” என்று சிங்கள மரியாதைச் சொல்லையும் சேர்த்துச் சொன்னார், முகமெல்லாம் மலர்ந்து. “நீங்க வர்றீங்கன்னு எல்லாத்தையும் புதுசாக்கிட்டோம்.”

அதிகாரி நல்லவர். நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். பழையது என்று எழுத வேண்டுமானால் பழையது கண்ணுக்குத் தெரிய வேண்டும், கண்ணால் காணாததை நான் எழுத முடியாது என்று பொறுமையாகச் சொன்னார். எழுத்து வெட்டிய கல் எங்கே என்று கேட்டார். அந்தக் கல்லை மறைத்துக்கொண்டு, கடையில் செய்வித்து வாங்கிய பெரிய டைல்ஸ் படமாக, மாதா கை விரித்து நின்றார்.

“அந்தப் படத்தை எடுத்தால் கல்லைப் படம் பிடித்துக்கொள்கிறேன். அது ஒன்றே போதும்,” என்றார் அதிகாரி.

நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா கடப்பாரையோடு ஏணியில் நின்றார். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள். அக்கா கடப்பாரை முனையைப் படத்தின் ஓரத்தில் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். மாதாவின் கன்னத்தில் கொஞ்சம் சீமெந்துத் தூள் ஒட்டியிருந்தது. அதைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். துடைத்துவிட்டுக் கீழே இறங்கி வந்தார்.

“முடியல நானா. போன ஞாயித்துக்கிழமதான் ஃபாதர் வந்து தீர்த்தம் தெளிச்சாரு. மாதா மூஞ்சியில நான் எப்படிக் கடப்பாரய வைப்பேன்?”

அதை நான் அதிகாரிக்குச் சொன்னேன். அவருக்கு விளங்கியது. அவர்கள் விகாரையிலும் இதே கதைதானே. மாதாவை மரியாதையாக எடுத்துவைத்துவிட்டுக் கல்லின் படத்தை அனுப்பினால் போதும், ஆனால் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்றார். ஃபாதர் சொன்னால்தான் எடுக்கலாம் என்றது கோயில் சபை. திருநாள் முடியட்டும் என்றார் ஃபாதர். திருநாள் முடிவதற்குள் கொழும்பில் பட்டியல் முடிந்துவிட்டது.

அதற்குப் பிறகு அக்கா நெடுநாள் அலுவலகத்துக்கு வரவில்லை. மேடம் முன்கதவால் நடமாடத் தொடங்கினார். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. அவர் நிற்கிற இடத்தில் யாராவது கதிரையை இழுத்துப் போட்டால் எரிச்சலாக வந்தது.

ஒரு நாள் வந்தார். ஜன்னல் பக்கம் போகவில்லை. என் முன்னால் நின்றார்.

“முன்னாடியே செய்யணும், முன்னாடியே செய்யணும்னு, செய்யக் கூடாததயும் முன்னாடியே செஞ்சு தொலைச்சிட்டேன் நானா. என் கையாலதான் பெயின்ட் அடிச்சேன்.”

அடுத்த வருஷமும் பட்டியல் வரும் என்றேன்.

“வருஷம் வரும். மழ அதுக்கு முன்னாடி வருமே,” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. எனக்கு அவரைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. பேனாவைத் தேடுவதுபோல மேசை லாச்சியைத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் சில பெண்களும் மண்வெட்டியோடு மலைக்கு ஏறிக் கான் வெட்டத் தொடங்கினார்கள். கொஞ்ச தூரம் போய்ப் பாறையில் முட்டி நின்றது. உடைக்க ஆளும் இல்லை, வெடிமருந்தும் இல்லை. பாதிக் கானோடு மழைக்காலம் வந்தது.

அந்த மழையை மலையகத்தில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இல்லாதவர்களுக்குச் சொல்லியும் விளங்காது. எங்கள் அலுவலகத்தில் எல்லோரையும் பிரித்து அனுப்பினார்கள். நானும் கிராம சேவகரும் அரிசி, பருப்பு, பிஸ்கட் ஏற்றிக்கொண்டு அக்காவின் தோட்டத்துக்குப் போனோம். மத்தியானம்தான், ஆனால் வேனில் விளக்குப் போட்டு ஓட்ட வேண்டியிருந்தது. ஜன்னல் வழியாக எல்லா மேட்டையும் பார்த்துக்கொண்டே போனேன். அந்தப் பழக்கம் எனக்கு எப்போது தொற்றியது என்று தெரியவில்லை.

கோயிலுக்கு முன்னால் லயத்து ஜனம் முழுவதும் நனைந்துகொண்டு நின்றது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை. வாசலில் அக்கா கையை விரித்துக்கொண்டு நின்றார், தலைக்கு மேலே இருந்த மாதாவைப் போலவே.

“யாரும் உள்ள போகாதீங்க. பின்னால ஊத்துத் தண்ணி நின்னு போச்சு. காலையில செவப்பா வந்துச்சு, இப்ப சுத்தமா நின்னு போச்சு. அந்த ஆபிசர் என்ன சொன்னாரு? ஊத்து நின்னா ஓடுங்கன்னு சொன்னாரா இல்லையா?”

“எங்க ஓடுறது?” என்றார் ஒரு பெரியவர். கோயில் சபையில் இருக்கிறவர். “மாதா இருக்காங்க. காலங்காலமா இங்கதான் படுக்கிறோம். பச்சப்புள்ளைங்க நனையுது, வழிய விடு.”

“ஸ்டோருக்குப் போங்க.”

ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை. மலையின் அடுத்த பக்கத்தில், மண் சரிந்தாலும் எட்டாத இடத்தில் இருந்தது. ஆனால் பூட்டியிருந்தது. மழையில் அவ்வளவு தூரம் நடந்து, பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நிற்க யாருக்கும் மனம் இல்லை. கூட்டம் முன்னுக்குத் தள்ளியது. அக்கா ஒருவர், அவர்கள் ஒரு லயம். ஒருவன் அவர் தோளைப் பிடித்து நகர்த்தினான்.

அப்போதுதான் அவர் உட்கார்ந்தார்.

வாசற்படியில், குறுக்காக, இரண்டு பக்க நிலையிலும் முதுகும் காலும் முட்ட உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்திருக்கிற பெண்ணைத் தாண்டிப் போக எங்கள் பக்கத்தில் யாருக்கும் கால் வராது. கோயில் வாசலில் என்றால் கேட்கவே வேண்டாம். முன்னால் நின்றவன் தூக்கிய காலைக் கீழே வைத்தான். அவனுக்குப் பின்னால் எல்லோரும் நின்றார்கள்.

“நானா,” என்றார் அக்கா, என்னைப் பார்த்து. “ஸ்டோரத் தெறக்கச் சொல்லுங்க.”

நான் மேடத்துக்குப் போன் எடுத்தேன். சிங்களத்தில் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. யாருடைய பேச்சையும் மொழிபெயர்க்காமல் என் சொந்த வாயால் நான் பேசியது அன்றுதான். மேடம் தோட்ட மேலாளரான துரைக்குப் போன் எடுத்தார். பதில் வரும்வரை நாங்கள் நின்றோம். அக்கா உட்கார்ந்திருந்தார். ஜனம் அவரை ஏசியது. வாயில் வந்த எல்லாவற்றையும் சொல்லி ஏசியது.

“நீ சொன்ன மாதிரியே நடக்கணும்னு ஒனக்கு ஆச,” என்றாள் ஒருத்தி. அவருடைய நிரையில் கொழுந்து எடுக்கிறவள்தான்.

அக்காவின் முகத்தில் மழையா வேறு என்னவா என்று தெரியாமல் தண்ணீர் வழிந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

“நான் பொய்யாப் போகணும்னுதான் மாதாகிட்ட கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன். ஒன்னும் நடக்கலன்னா நாளைக்கு வந்து எல்லாரும் என்னய ஏசுங்க. அதுக்கு நீங்க இருக்கணும்ல.”

போன் அடித்தது. துரை ஸ்டோரைத் திறந்துவிட்டார்.

ஜனம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தது. கடைசி ஆள் போகும்வரை அக்கா எழும்பவில்லை. பிறகும் எழும்பவில்லை, கால் மரத்துப்போயிருந்தது. நான் கையைப் பிடித்துத் தூக்கினேன். ஒரு பலகையைத் தூக்குவதுபோல இருந்தது. அவர் திரும்பி மாதாவைப் பார்த்தார். “மன்னிச்சிருங்க தாயே,” என்றார்.

ஸ்டோரில் தேயிலை வாட்டுகிற மாடியில் ஆட்கள் துணி பிழிந்துகொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல, ஆனால் நிற்காமல். யாரும் எழும்பிப் போய்ப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்தது. பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணினார்கள். எல்லாம் இருந்தன. கொஞ்ச நேரம் கழித்து, கோயில் சபைப் பெரியவர் ஒரு கோப்பை பிளேன்டியைக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை நின்றபடியே வாங்கிக் குடித்தார்.

பிறகு எல்லோரும் வந்தார்கள். அவர் சொன்னது சரி, இடிந்த பிறகு எல்லோரும் வருவார்கள். கேமரா வந்தது, தண்ணீர்ப் போத்தல் வந்தது, அதே கொழும்பு அதிகாரியும் வந்தார். கோயிலின் பின்பாதி மண்ணுக்குள் இருந்தது. முன்சுவர் நின்றது, ஆனால் அதிர்வில் டைல்ஸ் எல்லாம் உரிந்து விழுந்திருந்தன. நீலமும் இல்லை, டொல்பினும் இல்லை. கருங்கல். வாசலுக்கு மேலே எழுத்து.

“வாசியுங்கள்,” என்றார் அதிகாரி.

“இத்தோட்டத்து ஜனங்கள் தங்கள் தலையில் கல் சுமந்து கட்டியது,” என்று வாசித்துச் சிங்களத்திலும் சொன்னேன். பெயர் ஒன்றும் இல்லை. அதிகாரி அந்த எழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு போய் ஜீப்பில் உட்கார்ந்தார்.

மாதா தானாக இறங்கி வழி விட்டார் என்று ஜனங்கள் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்கு அந்தப் பேச்சுப் பிடிக்கவில்லை. “மாதாவுக்கு வேற வேல இல்லையா? கான் வெட்டியிருந்தா அவங்க ஏன் எறங்கணும்?”

உதவி கிடைத்தது. சீக்கிரமே கிடைத்தது. அலுவலக மேல்மாடியில் கூட்டம் வைத்தார்கள். மரபுரிமை இடம் என்று ஏற்றாகிவிட்டது, கோயிலைப் பழையபடி எழுப்ப அரசாங்கம் உதவும் என்று அதிகாரி சொன்னார். கோயில் சபை கைதட்டியது. ஃபாதருக்குச் சந்தோஷம். எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். அக்கா கதவருகில் நின்றார்.

“நோனா, அந்தக் காசுல மொதல்ல மேல கான் வெட்டலாமா? லயத்துக்கு மேல இருக்கிற மண்ணும் வெடிச்சிருக்கு. கோயில பொறகு கட்டலாம்.”

நான் சொன்னேன். அதிகாரி வருத்தத்தோடுதான் பதில் சொன்னார். கான் வெட்டுவது முன்னால் பங்கில் வருகிற வேலை. இது பின்னால் பங்கு. ஒன்றை மற்றதற்குச் செலவழிக்கச் சட்டத்தில் இடமில்லை.

அக்கா கதவை விட்டு ஓரடி முன்னால் வந்தார்.

“இந்த மழைக்குப் பின்னாடின்னா, அடுத்த மழைக்கு முன்னாடிதானே நோனா?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று அதைச் சிங்களத்தில் சொன்னேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேடத்தோடு தாழ்ந்த குரலில் நெடுநேரம் பேசினார். பிறகு, கோயிலைத் திருத்துவதென்றால் முதலில் அந்த மலையின் தண்ணீரைத் திருப்பியாக வேண்டும், திருத்த வேலையின் முதல் பகுதி அதுதான் என்று எழுதச் சொன்னார். நான் எழுதினேன். அவ்வளவு கவனமாக நான் வேறெதையும் மொழிபெயர்த்ததில்லை.

பாறையை உடைத்துக் கான் வெட்டினார்கள். சுவரும் கட்டினார்கள். அதற்கே பெரும் பகுதி போய்விட்டது. நான் மாற்றலாகி ஹட்டனுக்கு வரும்போது கோயில் முன்சுவரோடு, தகரக் கூரையின் கீழ் அரைகுறையாக நின்றது. பூசை, காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் நடந்தது. “கோயில் காச எல்லாம் கானுல விட்டுட்டா,” என்று சொல்கிறவர்கள் இருந்தார்கள். அவர்களும் லயத்தில்தான் படுத்துத் தூங்கினார்கள். விடைபெறப் போன அன்று அக்கா கானுக்குள் இறங்கி நின்று இலை அள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, “ஹட்டன்ல வீடு எந்த மாதிரி எடம்?” என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை.

கந்தப்பளை வீட்டில் இப்போது என் தம்பி இருக்கிறான். குடி வந்த அன்றே கட்டிலைப் பின்னறைக்குக் கொண்டு போய்விட்டான். அந்தச் செம்மண் மேடு இன்னும் விழவில்லை. போன வாரம் ஒரு பின்னேரம் இங்கே மழை பிடித்தது. என் மனைவி ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துவிட்டு அவனுக்குப் போன் எடுத்தாள். அவன் சிரிப்பது எனக்குக் கேட்டது.

“எத்தன வருஷமா இதையே சொல்றீங்க மதினி? விழலையே.”

“விழலன்னா நாளைக்கு எங்கள ஏசு,” என்றாள் அவள். “அதுக்கு நீ இருக்கணும்ல.”

போனில் அந்தப் பக்கத்து மழைச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு, சீமெந்துத் தரையில் கட்டில் கால் இழுபடுகிற சத்தம் கேட்டது.